டான்டிலயன் மேயும் கரடிகள்

அலாஸ்கா நெடுஞ்சாலையில் கனடாவின் ஃபோர்ட் நெல்சனைத் தாண்டினால், ஊர் என்பது ஒரு பெட்ரோல் பங்க், நாலு அறை, ஒரு காபிக்கடை என்று சுருங்கிவிடுகிறது. அதற்கப்புறம் மணிக்கணக்கில் ஸ்ப்ரூஸ் காடுதான். ஜூன் மாதத் தொடக்கம். இரவு பத்து மணிக்கும் நல்ல வெளிச்சம். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அச்சத்தில் 1942இல் அமெரிக்க ராணுவம் எட்டே மாதங்களில் காட்டை வெட்டித் திறந்த தடம் இது. அந்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறுப்பினப் படைவீரர்களுடையது. வெகுகாலம் அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

ராணுவ லாரிகளுக்காகப் போட்ட பாதை இன்று கரடிகளுக்கும் தீனி தருகிறது. சாலையின் இருமருங்கிலும் மரங்களை அகலமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே வெயில் நேராக விழுவதால் பனி முதலில் கரைகிறது. புல்லும் குளோவரும் முதலில் தளிர்க்கின்றன. பிறகு டான்டிலயன், கண்ணுக்கெட்டும்வரை மஞ்சளாக.

லியார்ட் வெந்நீர் ஊற்றுக்கு அருகில் முதல் கருங்கரடியைப் பார்த்தேன். கரடி என்றால் பாய்ச்சலும் உறுமலும் என்றே மனதில் பதிந்திருந்தது. இதுவோ மஞ்சள் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக உதட்டால் கவ்வி உருவித் தின்றுகொண்டிருந்தது. அத்தனை பெரிய உடம்பில் அத்தனை நிதானமான வாய்! எங்கள் வண்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது.

கிரிஸ்லி என்னும் இன்னொரு வகைக் கரடியைக் காண யூக்கான் பகுதிக்குள், குளுவானி ஏரிவரை போக வேண்டியிருந்தது. நிறத்தை நம்பி இரண்டையும் பிரிக்க முடியாது. கருங்கரடியிலும் பழுப்பு உண்டு. தோளைப் பார்க்க வேண்டும். மண்ணைத் தோண்டித் தோண்டித் திரண்ட தசை, கிரிஸ்லிக்குத் திமிலாக எழுந்து நிற்கும். நாங்கள் கண்டது ஒரு தாய். பின்னால் இரண்டு குட்டிகள். அவள் நீண்ட நகங்களால் சரிவைக் கிளறி, அவரைக் குடும்பத்துக் காட்டுச் செடி ஒன்றின் வேரை இழுத்து மென்றாள். குட்டிகள் அந்தக் குழிக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தன.

இந்தக் குட்டிகள் பிறந்த கதைதான் என்னை இன்னும் விடவில்லை. கிரிஸ்லிகள் கோடைத் தொடக்கத்தில் இணைகின்றன. ஆனால் கரு உடனே வளர்வதில்லை. கருப்பையில் ஒட்டாமல் மாதக்கணக்கில் மிதந்தபடி காத்திருக்கிறது. இலையுதிர் காலத்துக்குள் தாய் போதிய கொழுப்பைச் சேர்த்திருந்தால்தான் அது ஒட்டி வளரும். இல்லையென்றால் உடலே அதைக் கைவிட்டுவிடும். குளிர்காலத்தின் நடுவில், குகைக்குள், அரைக் கிலோகூட இல்லாத குட்டிகள் பிறக்கின்றன. அவள் மாதக்கணக்கில் உண்ணாமல், நீர் குடிக்காமல், சிறுநீர்கூடக் கழிக்காமல் தன் கொழுப்பைக் கரைத்தே பால் கொடுக்கிறாள். வெளியே வரும்போது உடல் இளைத்திருக்கும். கரடிக்கு மாட்டைப்போல இரைப்பை கிடையாது. புல்லில் பாதி செரிக்காமலே போய்விடும். அதனால்தான் இளந்தளிராகத் தேடி, ஓயாமல் தின்கிறது.

நாம் வண்டியை நிறுத்தி அதை வேடிக்கை பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் இந்தத் தீனி நேரக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. ஒரு கார் நின்றால் அடுத்தது நிற்கும். யாராவது கேமராவோடு இறங்குவார்கள். கனடாவின் தேசியப் பூங்கா விதிப்படி கரடிக்கும் மனிதருக்கும் இடையில் 100 மீட்டராவது இருக்க வேண்டும். வண்டிகளுக்குப் பழகிய கரடி சாலையை விட்டு விலகுவதில்லை, அதுவே அதற்கு எமனாகிறது. தெற்கே யோஹோ பூங்காவில் நகோடா என்று பெயர் பெற்ற வெண்ணிறக் கிரிஸ்லி ஒன்று இருந்தது. 2024 ஜூனில் அதன் இரண்டு குட்டிகளும் நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தன. அதே நாளில் தாயும் அடிபட்டு, பிறகு இறந்தது. அந்தச் செய்தியைப் படித்திருந்ததால் குளுவானியில் இரண்டு குட்டிகளைக் கண்டபோது மகிழ்ச்சியோடு பயமும் கூடவே வந்தது.

வண்டியோட்டிய நண்பர் யூக்கான்வாசி. அவர் நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். ஆசைதீரப் பார்க்க முடியாத ஏக்கம் எனக்கு இருந்தது, ஆனால் அவர் செய்ததே சரி. சற்றுத் தள்ளி எதிரே கனமான லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர் விளக்கை இரண்டு முறை அடித்துக் காட்டினார். லாரிக்காரர் கையை உயர்த்திவிட்டு பிரேக்கில் காலை வைத்தார்.