அசல் என்பது ஒருமுறைதான்

இலங்கையில் மோட்டார் வாகனம் வைத்திருக்கும் எவருக்கும் 'கட் அன்ட் பொலிஷ்' என்ற சொற்றொடர் பழக்கமானது. கொழும்பிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, வாகனம் கழுவும் இடங்களின் பெயர்ப்பலகைகளில் அதைக் காணலாம். மங்கிய வாகனத்தைக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தால் மாலையில் முகம் பார்க்கும் கண்ணாடி போலத் திருப்பித் தருவார்கள். வாடிக்கையாளர்கள் அனைவரும் 'பொலிஷ்' என்ற பிற்பாதியையே கேட்டு வாங்குகின்றனர். 'கட்' என்ற முற்பாதியை எவரும் பொருட்படுத்துவதில்லை. வெட்டுவது என்றால் எதை வெட்டுகிறார்கள்? எவ்வளவு வெட்டுகிறார்கள்? வெட்டியது பின்னர் வளருமா?

பிறர் எழுதியதை வெட்டியும் மெருகிட்டும் வயிறு வளர்த்தவன் என்பதால் எனக்கு இக்கேள்விகளில் இயல்பாகவே ஓர் ஈடுபாடு உண்டு. அவற்றுக்கான விடையை நான் பெற்றுக்கொண்டது கனடாவில், ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில், நம்மவர் ஒருவரின் சிறிய வேலைத்தளத்தில். 2019 ஆம் ஆண்டு கோடையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது அங்கு மூன்று நாட்கள் தொடர்ந்து சென்று வந்தேன். அவர் தமது பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே நான் அவரை அழைத்தது போலத் தம்பி என்றே இங்கும் குறிப்பிடுகிறேன்.

தம்பியின் தந்தையார் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட காலத்தை அங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களையும் பார்த்தே தம்பி வளர்ந்தார். உதிரிப்பாகம் இல்லை, பெயின்ற் தகரம் ஒன்று கிடைப்பது அரிது. கிடைத்த நிறத்தைப் பூசினார்கள். துரு தின்ற இடத்தில் பட்டி பார்த்து, அதன்மேல் மீண்டும் பூசினார்கள். ஒரு வாகனத்தின் உடம்பில் ஐந்தாறு படைகளாக ஐந்தாறு நிறங்கள் இருந்ததுண்டு. அந்த வாகனங்கள் ஓட வேண்டும் என்பதே அன்றைய தேவை. அசல் நிறம் என்ற பேச்சுக்கு அங்கு இடமிருக்கவில்லை.

அப்படிப்பட்ட கராஜில் வளர்ந்தவர், பின்னாளில் ரொறன்ரோவில் வாகன விற்பனை நிலையமொன்றின் கழுவும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாகக் கற்று, பழைய வாகனங்களின் பூச்சை மீட்டெடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டிருந்தார். நான் சென்ற நாளில் அவர் முன் நின்றது 1967 ஆம் ஆண்டின் செவ்ரொலே கோர்வெட் ஸ்ரிங் ரே. கூரை திறக்கும் வகை. நிறம், அந்நிறுவனம் 'ரலி ரெட்' என்று பெயரிட்ட சிவப்பு. ஆனால் சிவப்பு என்று சொல்லத்தக்க நிலையில் அது இருக்கவில்லை. முன்மூடி காய்ந்த செங்கல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. விரலால் தடவினால் மெல்லிய தூள் ஒட்டியது.

இந்த வாகனத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கோர்வெட் 1953 இல் அறிமுகமானது. அதன் உடல் இரும்புத் தகட்டாலானதன்று. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து வார்த்தது. 1963 முதல் 1967 வரை வந்த இரண்டாம் தலைமுறையே ஸ்ரிங் ரே என்ற பெயரால் புகழ்பெற்றது. கூரிய விளிம்புகளும் உள்ளே சுழன்று மறையும் முகப்பு விளக்குகளும் அதன் அடையாளங்கள். அந்தத் தலைமுறையின் கடைசி ஆண்டான 1967 இல் செய்யப்பட்டவை 22,940. அனைத்தும் அமெரிக்காவின் சென் லூயிஸ் தொழிற்சாலையில் உருவானவை.

அக்காலப் பூச்சு இன்றைய பூச்சைப் போன்றதன்று. இன்றைய வாகனங்களில் நிறப்படையின்மேல் நிறமற்ற கண்ணாடி போன்ற ஒரு படை இருக்கும். கிளியர் கோட் என்பது அதுதான். நாம் மெருகிடும்போது தேய்வது அந்த மேற்படை. நிறம் பாதுகாப்பாக அடியில் இருக்கும். 1967 இன் கோர்வெட்டில் அத்தகைய காவல் எதுவுமில்லை. அது அக்ரிலிக் லக்கர் என்ற வகை. நிறமே மேற்பரப்பு. ஆகவே தேய்வதும் நிறமே.

லக்கரின் கதை இன்னும் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாகனமொன்றுக்கு நிறம் பூசி உலரவைக்க வாரக்கணக்கில் சென்றது. 1920களில் டூபொன்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற நைற்றோசெலுலோஸ் லக்கரைக் கொண்டுவந்ததும் அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. வெடிமருந்துக்கும் பழைய திரைப்படச் சுருளுக்கும் மூலமாக இருந்த அதே பொருளின் உறவுதான் அது. 1950களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டோர்ஸ் அதனைக் கைவிட்டு அக்ரிலிக் லக்கருக்கு மாறியது. இரண்டுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. கரைப்பான் ஆவியாகிப் போக, எஞ்சும் பிசின் படிந்து நிற்பதே பூச்சு. உள்ளே வேதிப் பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. ஆகவே ஐம்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் தின்னரில் நனைத்த துணியொன்று அதனைக் கரைத்துவிடும். சூடேறினாலும் அது இளகும். காலம் அதனைக் காய வைக்கிறதே தவிரக் கெட்டியாக்குவதில்லை.

முதல் நாள் முழுவதும் தம்பி எந்த இயந்திரத்தையும் கையில் எடுக்கவில்லை. இரண்டு வாளிகள் வைத்துக்கொண்டு, ஒன்றில் சவர்க்கார நீரும் மற்றதில் வெறும் நீருமாக, கையுறைத் துணியை ஒவ்வொரு முறையும் அலசி அலசிக் கழுவினார். துணியில் தங்கும் ஒரு மணற்துகள் போதும், புதிய கீறல்களை உண்டாக்க. பின்னர் களிமண் போன்ற மென்மையான கட்டியொன்றை வழுக்கும் நீர்மம் தெளித்து மேற்பரப்பில் மெதுவாக ஓட்டினார். கழுவியும் போகாத இரும்புத் தூளும் மரப்பிசினும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தன.

அடுத்தது அளவெடுத்தல். இரும்பு உடலுள்ள வாகனத்தில் காந்த முறையில் பூச்சின் தடிப்பை அளக்கலாம். கோர்வெட்டில் அது செல்லாது. ஒலியலையை உட்செலுத்தி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு கணிக்கும் கருவி வேண்டும். அதைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அளந்து, ஒவ்வோர் எண்ணையும் வாகனத்தின் கோட்டுப்படத்தில் குறித்தார். தட்டையான பகுதிகளில் 130, 140 மைக்ரோன். கூரிய விளிம்புகளில் அதில் பாதியும் இல்லை. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமது செய்தித்தாளின் ஒரு தாளே ஏறத்தாழ 70 மைக்ரோன் தடிப்புடையது. இரண்டு தாள்கள் கனம்கூட இல்லாத ஒரு படையில்தான் அந்த வாகனத்தின் ஐம்பத்திரண்டு ஆண்டு வரலாறும் இருந்தது.

"ஐயா, கீறல எடுக்கிறது எண்டு சனம் சொல்லும். கீறல எடுக்கேலாது. கீறல் இருக்கிற ஆழத்துக்குச் சுத்தியிருக்கிற பெயின்றைக் குறைக்கிறதுதான் எங்கட வேலை" என்றார் தம்பி. என் கேள்விகளுக்கான விடை அதுவே. மெருகு என்பது சேர்ப்பதன்று, கழிப்பது. கழித்தது வளர்வதில்லை. ஆழமான கீறலை முற்றாகப் போக்க முனைந்தால் அவ்விடத்தில் பூச்சே போய்விடும். ஆகவே அதன் விளிம்புகளை மாத்திரம் மழுக்கி, ஒளி அதில் தெறிக்காதபடி செய்துவிட்டு நிறுத்திக்கொள்வதே தொழில் தெரிந்தவர் செய்வது.

வெளிறிய நிறத்தை மீட்க அவர் முதலில் நாடியது எண்ணெய்ச் சத்துள்ள ஒரு பழைய மெருகுக் குழம்பை. வெயிலில் காய்ந்த பிசின் அதனை உறிஞ்சும். மெகுவயர்ஸ் என்ற நிறுவனம், 1901 இல் தளபாடங்களுக்கான மெருகு செய்யத் தொடங்கியது, இன்றும் அத்தகைய குழம்பை விற்கிறது. தடிப்பான பருத்தித் துணியால் அதனைத் தேய்த்து, ஓரிரவு அப்படியே விட்டு, மறுநாள் துடைத்தெடுத்தார். துணி முழுவதும் சிவப்பாகியிருந்தது. உயிரிழந்த நிறம் துணியில். உயிருள்ள நிறம் வாகனத்தில். செங்கல் நிறம் போய், பழுத்த மிளகாயின் சிவப்பு அடியிலிருந்து எழுந்து வந்ததைக் கண்ணால் கண்டேன்.

இரண்டாம் நாளே இயந்திரம் வந்தது. அதுவும் ஓரிடத்தில் ஓர் அடிச் சதுரம் அளவு மாத்திரம், மிக மென்மையான மருந்தில் தொடங்கிப் பரீட்சித்த பின்னர். விளிம்புகளுக்கெல்லாம் ஒட்டுநாடா ஒட்டி மறைத்து, அங்கே கையால் மாத்திரம் வேலை செய்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை புறங்கையால் பூச்சின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வாகனத்தின் உரிமையாளர் எழுபது வயது தாண்டிய ஒரு கனேடிய அம்மையார். அவ்வாகனத்தைப் புதிதாக வாங்கி ஓட்டிய அவரது கணவர் அந்த ஆண்டின் தொடக்கத்தில் காலமாகிவிட்டார். மகனுக்கோ அதனை முற்றாகச் சுரண்டி, புதிய பூச்சும் கிளியர் கோட்டும் அடித்து, தொழிற்சாலையிலிருந்து வந்தது போல ஆக்கவேண்டும் என்ற விருப்பம். வேறோர் இடத்தில் விலையும் கேட்டிருந்தார். தந்தைக்குச் செய்யும் மரியாதை அதுவே என்பது அவரது எண்ணம். அதனைத் தவறென்று யார் சொல்வது? தாயார்தான், எதற்கும் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று தம்பியிடம் கொண்டுவந்தவர்.

இரண்டாம் நாள் மாலை தாயும் மகனும் வந்தார்கள். சாரதி பக்கக் கதவின் மேல்விளிம்பில் ஓரிடத்தைத் தம்பி அவர்களுக்குக் காட்டினார். உள்ளங்கை அளவு இடத்தில் சிவப்பு மெலிந்து, நடுவே அடிப்பூச்சு தெரிந்தது. கருவி அங்கே காட்டிய எண் மிகச் சிறியது. மெருகிட்டால் எஞ்சியதும் போய்விடும்; விட்டால் குறையாகத் தெரியும்; அவ்விடத்துக்கு மாத்திரம் புதிதாகப் பூசினால் நிறம் ஒட்டாது நிற்கும். மூன்றில் எதைச் செய்வது என்று கேட்டார்.

மகன் பதில் சொல்ல வாயெடுத்தார். அம்மையார் அதற்குள் குனிந்து அவ்விடத்தைத் தடவிப் பார்த்தார். கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும்போது கணவர் இடது முழங்கையை வைக்கும் இடம் அது என்றார். ஐம்பது கோடைகாலங்கள். எத்தனையோ முறை அப்படி வைக்காதீர்கள் என்று தாம் சொல்லியும் அவர் கேட்டதில்லையாம். பிறகு நிமிர்ந்து, இதைத் தொட வேண்டாம் என்றார். மகன் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பின்னர் தமது முழங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். புதிய பூச்சைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

பழைய வாகனங்களைச் சேகரிப்போரிடையே ஒரு வாசகம் வழங்குகிறது: ஒரு பொருள் ஒருமுறை மாத்திரமே அசலாக இருக்க முடியும். பழமையைப் பளபளப்புக்காக அழிக்கும் வழக்கம் ஒரு காலத்தில் அவர்களிடமும் இருந்தது. இன்று, மீளப் பூசாத, தேய்ந்துபோன வாகனங்களுக்கெனத் தனிப் பரிசுகளையே பெரிய கண்காட்சிகள் வழங்குகின்றன.

செய்தி மேசையில் இருந்த காலத்தில் கிராமத்து நிருபர்களின் செய்திகள் என் கைக்கு வரும். கையெழுத்து கோணலாக இருக்கும். வாக்கியம் ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடியும். அவற்றைச் செப்பனிடுவது ஆசிரியபீடத்தின் கடமை. ஆனால் சில வரிகளில் எழுதியவரின் முழங்கை பட்ட இடம் தெரியும். இலக்கணப்படி அது குறை. அதனை நேராக்கினால் பிழை போகும், ஆளும் போய்விடுவார். எது கீறல், எது தடம் என்று பிரித்தறிவதற்கு அளவுகருவி எதுவும் எங்களிடம் இருந்ததில்லை. தம்பியிடமும், உண்மையில், இருக்கவில்லை. அவரது கருவி எண்ணைத்தான் சொன்னது. விடையைச் சொன்னவர் அந்த அம்மையார். விடை தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்ததே தம்பியின் தொழில் நேர்மை.

மூன்றாம் நாள் மெழுகு பூசினார்கள். கார்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. வறட்சியில் ஓலை உலர்ந்துவிடாமல் அந்த மரம் தனக்குத் தானே பூசிக்கொள்ளும் காப்பு அது. நமது பனையைப் போலவே விசிறி ஓலை கொண்ட மரம். இதை நான் சொன்னபோது தம்பி கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அப்ப இவ்வளவு காலமும் ஒரு பனைக்குத்தான் நான் வேலை செய்திருக்கிறன்" என்றார். பின்னர் கதவின் மேல்விளிம்புக்கு வந்து, தேய்ந்த அந்த இடத்திலும் மற்ற இடங்களைப் போலவே மெழுகைப் பூசி, துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தார்.