வயிற்று வலிக்குப் பின்னால்

மட்டாஞ்சேரியில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் மூன்று மொழிகள் காதில் விழும். சுக்கும் மிளகும் விற்கும் கடைகளில் மலையாளம். கோயில் பக்கம் கொங்கணி. அடுத்த தெருவில் குஜராத்தி. பக்கத்து ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுப்பவர்கள் பேசுவது தமிழ். இங்கே வளரும் குழந்தை பள்ளிக்கூடம் போகும் முன்பே இரண்டு மொழிகளைப் பழகிவிடுகிறது.

ஆனால் தன் உடம்பில் யாரோ கை வைத்ததைச் சொல்ல அதனிடம் எந்த மொழியிலும் வார்த்தை இல்லை. மட்டாஞ்சேரியில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இதே கதைதான். கண், காது, மூக்கு என்று ஆசையாகச் சொல்லிக்கொடுக்கும் அம்மா, இடுப்புக்குக் கீழே வந்ததும் "ச்சீ" என்று நிறுத்திவிடுகிறாள். அந்த இடத்தைப் பற்றிப் பேசினால் தனக்கும் "ச்சீ"தான் கிடைக்கும் என்று குழந்தை நினைத்தால் அது யார் தவறு? அதனால் "வயிறு வலிக்குது" என்கிறது. "அந்த மாமா வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று அடம்பிடிக்கிறது. அடியும் வாங்குகிறது.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த மௌனத்தை அளந்து காட்டியது. 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். அவர்களில் ஆண் பிள்ளைகளே சற்று அதிகம். கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள், நம்பப்பட்டவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

2012இல் வந்த போக்ஸோ சட்டம் இந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் புகாரை அதற்குப் புரியும் எளிய மொழியில் எழுத வேண்டும். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாத பெரியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. குடும்ப மானம் என்ற சாக்கு செல்லாது. உதவி கேட்க 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

ஆனால் சட்டம் அனுப்பும் மொழிபெயர்ப்பாளர் புகாருக்குப் பிறகுதான் வருவார். அதற்கு முன்னால், அந்த வயிற்று வலிக்கு அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். உடம்பின் எல்லா உறுப்புகளுக்கும் பெயர் சொல்லிக்கொடுப்பது, "வேண்டாம்" என்று குழந்தை சொன்னால் ஏன் என்று கேட்பது, சொன்னதை நம்புவது: இதற்குப் பட்டமும் தேவையில்லை, பன்மொழிப் புலமையும் தேவையில்லை.