ஓர் எழுத்து குறைந்த பெயர்

மாமா இறந்து பதினொரு மாதமாகிறது. மின்சார பில், தண்ணீர் பில், ஈப்போ மாநகர் மன்றத்தின் வீட்டு வரி எல்லாம் இன்னும் அவர் பெயருக்குத்தான் சிலிபின் வீட்டுக்கு வருகின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் கட்டலாம், ஒருவரும் தடுப்பதில்லை. அவர் பெயரில் இருக்கும் பணத்தைத் தொடத்தான் நீதிமன்றத் தாள் வேண்டும்.

அந்தத் தாளுக்குப் பெயர் புரோபேட். உயில் செல்லும், அதில் குறிப்பிட்டவர் சொத்தை நிர்வகிக்கலாம் என்று உயர்நீதிமன்றம் தரும் அனுமதி. மாமாவின் உயிலில் குறிப்பிடப்பட்டவள் நான். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் ஜொகூரில். “நீ ரேடியோவுல பேசுறவ. ஆபீஸ்ல போயி கேக்குறதுக்குக் கூச்சப்பட மாட்டே” என்பது மாமா சொன்ன காரணம். வானொலியில் எண் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்ல மாட்டார்கள் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நம் வீடுகளில் உயில் என்ற சொல்லை எடுத்தாலே “வாயக் கழுவு” என்பார்கள். மாமா துணிந்து எழுதியதற்குக் காரணம் உண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் தன் பெயரில் கிராண்ட் வாங்கியவர் அவர்தான். “காயிதம் இல்லாத வீடு வீடே இல்ல” என்று அடிக்கடி சொல்வார்.

அப்படிப்பட்டவருடைய காயிதங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பிறப்புப் பத்திரத்தில் இருப்பது தோட்டத்துக் கிராணி தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். அடையாள அட்டையில் அதிலிருந்து ஓர் ‘எச்’ காணோம். கிராண்டில் அந்த ‘எச்’ இருக்கிறது, ஆனால் ‘ஏ/எல்’லுக்குப் பின்னால் வரும் தாத்தா பெயரில் ஓர் ‘ஏ’ கூடுதல். ஒரு வங்கிப் புத்தகத்தில் பழைய அடையாள அட்டை எண் மட்டுமே இருக்கிறது. முனியம்மா என்று தமிழில் ஒரே விதமாகத்தான் எழுத முடியும். ரோமன் எழுத்தில் ஓர் ‘எம்’, இரண்டு ‘எம்’, கடைசியில் ‘எச்’, ‘ஐ’க்குப் பதில் ‘ஒய்’ என்று தோட்டத்துக்கொரு முனியம்மா. சுவரில் மாலை போட்ட படத்துக்குக் கீழே தமிழில் எழுதியிருப்பதுதான் மாமாவின் சரியான பெயர். அதை எந்த அலுவலகமும் கேட்கவில்லை.

சத்தியப் பிரமாண ஆணையர் முன் நின்று, இந்தப் பெயர்களெல்லாம் ஒரே மனிதருடையவை என்று சத்தியம் செய்தேன். ஒரு வங்கி அதை ஏற்றது. இன்னொன்று, வேறு வாசகத்தில் வேண்டும் என்றது. அதற்கு ஆறு வாரம்.

சொத்துப் பட்டியல் தயாரிக்கப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தபோது, பாட்டி பெயரில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் ஒன்றும் கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிச் சேர்ந்தார்கள். பாட்டி போய் முப்பது ஆண்டுகளாகியும் பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கிறது. அதற்குத் தனி மனு, தனிக் காத்திருப்பு.

நானாவது அலுவலகத்தில் காத்திருக்கிறேன். அத்தை வீட்டுக்குள்ளேயே காத்திருக்கிறார். ஊழியர் சேமநிதியில் மாமா அவரை வாரிசாகப் பதிந்திருந்ததால் அந்தப் பணம் சில வாரங்களில் வந்துவிட்டது. அதில்தான் கருமக்கிரியைச் செலவும் இத்தனை மாதச் சாப்பாடும். நிரந்தர வைப்புத்தொகை வங்கியில் முடங்கிக் கிடக்கிறது. மழை பெய்தால் நடு அறையில் ஒழுகுகிறது, ஒரு பேசினை வைத்திருக்கிறார். “வீடு எம் பேருக்கு வரட்டும், அப்புறம் கூரையில கைய வைக்கலாம்” என்கிறார். போன மாதம் தொலைபேசியில், “பின்னால கொய்யா மரத்த வெட்டலாமாம்மா? கோர்ட்டுல ஏதும் சொல்லுவாங்களா?” என்று கேட்டார். அந்த மரத்தை நட்டவரே அவர்தான். வெட்டுங்கள் அத்தை என்றேன். வெட்டவில்லை.

உயில் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடிருந்தால் மனைவிக்கு நான்கில் ஒன்றுதான். 50 லட்சம் வெள்ளிக்கு உட்பட்ட சொத்தென்றால் சிறு சொத்துப் பிரிவில் விசாரணை (2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சம்). அதற்கு மேலென்றால் உயர்நீதிமன்றம், பொதுவாக இரண்டு பிணையாளிகள் வேறு. மாமா வீட்டை முழுக்க அத்தைக்கே எழுதிவைத்ததால், விற்கலாமா வேண்டாமா என்ற பேச்சைப் பிள்ளைகள் இருவரும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசினேன். மறுநாள் ஒரு பெண்மணியின் குரல் பதிவு வந்தது. கோயிலில் தாலி கட்டி இருபத்தைந்து ஆண்டு, பதிவு செய்யவில்லை, கணவர் உயில் எழுதாமல் போய்விட்டார், வீடு அவர் பெயரில். 1982 மார்ச் 1 முதல் பதிவில்லாத திருமணத்தைச் சட்டம் ஏற்பதில்லை. வாரிசுப் பங்கு கேட்க அவர் மனைவியே இல்லை. வழக்கறிஞர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அத்தை செய்தி விடாமல் பார்ப்பவர். “அந்தம்மாவுக்கே அஞ்சு வருசம் ஆச்சு, நாம எம்மாத்திரம்” என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். அவர் சொல்வது ஜெயலலிதாவை. 2016 டிசம்பர் 5இல் உயில் எழுதாமல் இறந்தார். அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2020 மே மாதம். அரசு அந்த வீட்டை நினைவில்லமாக்க எடுத்துக்கொண்டது, அந்த வழக்கும் முடிந்து வேதா நிலையத்தின் சாவி அவர்கள் கைக்கு வந்தது 2021 டிசம்பரில்.

தீர்ப்பு நாள் இன்னும் வரவில்லை. சென்ற ஞாயிறு அத்தை, தானும் உயில் எழுதப்போவதாகச் சொன்னார். பங்கு பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும், அதனால் பிள்ளைகள் வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியையும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரையும் கூப்பிடப் போகிறாராம். பிறகு, தன் அடையாள அட்டையை எடுத்துவந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதில் தன் பெயரை எழுத்தெழுத்தாக எனக்குப் படித்துக்காட்டினார். “இப்பவே எழுதிக்கோ. எம் பேருல ரெண்டு ‘எல்’லு.”