கோட்டை கட்ட வந்த வெளிநாட்டுக்காரர்

அன்பு மருமகன் கதிருக்கு, மாமா எழுதுவது.

அமெரிக்க இராணுவத்தில் பொறியாளராக ஆசை, இந்தியப் பாஸ்போர்ட்டோடு முடியுமா என்று கேட்டிருந்தாய். அந்தப் படைக்கு ஆரம்பத்தில் கோட்டை கட்டிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்களே வெளிநாட்டுக்காரர்கள்தான்.

1746இல் பிறந்த போலந்துக்காரர் ததேயுஷ் கொஸ்கியுஸ்கோ, வார்சா இராணுவப் பள்ளியில் படித்து 1769இல் பாரிஸ் போனார். அந்நியர் என்பதால் பிரெஞ்சு இராணுவக் கல்விக்கூடங்களில் இடமில்லை. ஓவியக் கழகத்தில் சேர்ந்துகொண்டு, அரண் கட்டும் கலையைத் தனியாகக் கற்றார். 1776இல் அமெரிக்கா வந்திறங்கினார். பிரிட்டனை எதிர்த்துக் கிளம்பிய படையில் துப்பாக்கி பிடிக்க ஆள் இருந்தது; அரண் வகுக்கத் தெரிந்தவர் அரிது. அக்டோபரில் கர்னல் பதவி கொடுத்தார்கள். மாதச் சம்பளம் 60 டாலர்.

பதவி வந்ததும் பேச்சு எடுபட்டுவிடவில்லை. 1777இல் டைகாண்டரோகா கோட்டையைப் பார்வையிட்டவர், எதிரே நின்ற சுகர் லோஃப் குன்றின்மேல் பீரங்கிகளை நிறுத்தச் சொன்னார். அந்தச் செங்குத்தில் பீரங்கி ஏறாது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். ஜூலையில் பிரிட்டிஷார் அங்கேயே ஏற்றினார்கள். உச்சியில் பீரங்கியைக் கண்ட அமெரிக்கர்கள் இரவோடு இரவாகக் கோட்டையைக் காலி செய்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் அசல் பொறியாளர் வேலை. பின்வாங்கும் படைக்கு அவகாசம் வேண்டும். பாதையின் குறுக்கே மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், பாலங்களை உடைத்தார்கள், ஓடைகளை மறித்துத் தண்ணீரைப் பாதையில் பாயவிட்டார்கள். சுமார் 20 மைல் நகர, பிரிட்டிஷ் ஜெனரல் பர்கோயினின் படைக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. செப்டம்பரில், ஹட்சன் ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே வழி குறுகும் பெமிஸ் ஹைட்ஸில் கொஸ்கியுஸ்கோ அரண் அமைத்தார். அக்டோபர் 17 அன்று சரடோகாவில் பர்கோயின் சரணடைந்தார்.

அப்புறம் இரண்டு வருஷத்துக்கும் மேலாக வெஸ்ட் பாயிண்ட் அரண்கள் அவர் பொறுப்பு. அமெரிக்கப் படையின் தலைமைப் பொறியாளர் டுபோர்ட்டெய்லும் வெளிநாட்டவர்தான், பிரெஞ்சுக்காரர். வெளிநாட்டுக்காரர் கோட்டை கட்டியது நம் பக்கத்திலும் நடந்தது: 1741 குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகிக் கோட்டைகள் கட்டினார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது.

1802இல் வெஸ்ட் பாயிண்டில் பொறியாளர் படைப்பிரிவும் இராணுவக் கல்லூரியும் அமைந்தபின், அமெரிக்கா சொந்தப் பொறியாளர்களை உருவாக்கத் தொடங்கியது. அந்நியரின் தேவை குறைந்தது அதனால்தான் என்பது என் கணிப்பு.

இன்று மாணவர் விசாவில் சேர வழியில்லை. கிரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரலாம். அந்தச் சேவை மூலம் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். அதிகாரி ஆக வேண்டுமானால் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். உன் அம்மாவிடம் இதை நீயே பேசு. கிரீன் கார்டுக்கு என்ன வழி என்று அங்கே நல்ல வக்கீலிடம் விசாரித்து எழுது.