குஸ்தா, குஸ்தான்

திங்கள், மாட்ரிட்.

ஸ்பானிஷ் வகுப்பின் மூன்றாம் நாள். என்ன பிடிக்கும் என்று ஆசிரியை கேட்டதும், அந்த மதுரைப் பெண் மனத்துக்குள் ஆங்கிலத்தில் யோசித்து, ‘நான்’ என்று தொடங்கினாள்: "யோ குஸ்தோ காஃபே." ஆசிரியை தலையசைத்துவிட்டுப் பலகையில் எழுதினார்: மே குஸ்தா எல் காஃபே. ‘மே’ என்றால் எனக்கு. ‘குஸ்தா’ என்றால் பிடிக்கும்.

எனக்குக் காபி பிடிக்கும்! பிறந்ததிலிருந்து அவள் பேசிவரும் வாக்கியம்தான். நடுவில் ஆங்கிலத்தை நுழைத்ததுதான் பிசகு. ‘நான் காபியைப் பிடிக்கிறேன்’ என்று தமிழில் யார் சொல்வார்கள்? காபிக்கு முன்னால் வரும் ‘எல்’லை மட்டும் விட்டுவிடக் கூடாது.

செவ்வாய்.

மாட்ரிட்டில் கணவாய் வறுவலை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். "மே குஸ்தா லோஸ் கலமாரெஸ்" என்று சொல்லிப் பார்த்தாள். தவறு, ‘குஸ்தான்’ என்று வர வேண்டும். தமிழில் ஒரு தோசையானாலும் பத்து தோசையானாலும் ‘பிடிக்கும்’ மாறாது. ஸ்பானிஷிலோ பிடித்த பொருள்தான் எழுவாய். அது பன்மையானால் வினையும் பன்மையாகும். ஆனால் நடப்பது, படிப்பது என்று செயல்களை அடுக்கினால் ‘குஸ்தா’வே போதும்.

புதன்.

வீட்டுக்கார அம்மாவை அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதைச் சொல்ல ‘மே குஸ்தா’ உதவாது. ஆளைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் காதல் என்றே பொருள்படும். காதல் தொனிக்காமல் சொல்ல ‘மே காயே பியென்’ இருக்கிறது.

வியாழன்.

இன்றைய பாடம்தான் அவளுக்குக் கடினம். ‘எனக்கும்’ என்பதில் உள்ள ‘உம்’ தமிழில் பிடிக்கும், பிடிக்காது இரண்டுக்கும் பொது. ஸ்பானிஷில் தனித்தனிச் சொற்கள்: பிடிக்கும் என்பவரோடு சேர்ந்தால் ‘ஆ மீ தம்பியேன்’, பிடிக்காது என்பவரோடு சேர்ந்தால் ‘ஆ மீ தாம்போகோ’. பேருந்தில் வரும்போதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு.

மதியம் தொர்தீயா. ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த உருளைக்கிழங்கை அடித்த முட்டையில் கலந்து, வட்டமாக வார்த்து, தட்டைக் கவிழ்த்துத் திருப்பிப் போட்டார் அம்மா. இதில் வெங்காயம் சேர்க்கலாமா, கூடாதா என்பது ஸ்பெயினில் ஓயாத வழக்கு. அந்த வீட்டில் பொன்னிறமாக வதங்கிய வெங்காயம் உண்டு.

"சின் தெபோயா நோ மே குஸ்தா" என்றார் அம்மா. வெங்காயம் இல்லாவிட்டால் பிடிக்காதாம்.

அவள் ஒரு நொடி நிதானித்தாள். "ஆ மீ தாம்போகோ."

அம்மா இன்னொரு துண்டை வெட்டி அவள் தட்டில் வைத்தார்.