வீட்டுக்கென விட்டுவைத்த பாடம்

புதுச்சேரியில் கடற்கரைக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட வீதிகளில் காலை வேளையில் இரண்டு கூட்டங்களைக் காணலாம். ஒன்று, மணக்குள விநாயகருக்கு அருகம்புல் மாலையுடன் செல்லும் அடியார் கூட்டம். மற்றொன்று, அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய பிரெஞ்சுப் பள்ளிக்கு விரையும் பிள்ளைகளின் கூட்டம். ஊரார் அப்பள்ளியை ‘லிசே’ என்றே அழைப்பர். மூதாட்டி ஒருவரும் அவருடைய பேத்தியும் பல ஆண்டுகள் இவ்விரு கூட்டங்களிலும் இருந்தனர். முதலில் விநாயகர் சந்நிதி. பிறகு பள்ளி வாயில்.

அப்பள்ளி 1826 ஆம் ஆண்டில் தோன்றியது. 1954 நவம்பர் 1 அன்று ஊர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆட்சி நீங்கியது, பள்ளி நிலைத்தது. இன்று பிரான்சின் கணக்கில் அது ‘வெளிநாட்டுப் பிரெஞ்சுப் பள்ளி’களுள் ஒன்று. 1990 இல் பிரெஞ்சு அரசு அமைத்த முகமை ஒன்றின் கீழ் இத்தகைய பள்ளிகள் ஏறத்தாழ 140 நாடுகளில் 600 அளவில் இயங்குகின்றன. பாடத்திட்டம் எங்கும் ஒன்றே. புதுச்சேரியில் பயிலும் பிள்ளை நடுவில் செனகல் நாட்டின் டக்கார் நகருக்குச் சென்றாலும் அதே பாடத்தைத் தொடரலாம்.

மூதாட்டியின் வீடு ‘சொல்தா’ வீடு. அவருடைய மாமனார் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பு இருந்தது. அவர் தேர்ந்துகொண்டார். அதனால் பேத்தி ஏட்டில் பிரெஞ்சுக் குடிமகள். வீட்டில் தமிழ்ப் பெண்.

மூன்று வயதில் அவளைப் பள்ளியில் சேர்த்த அன்றே பாட்டிக்கு ஒரு வருத்தம் உண்டாயிற்று. இறைவணக்கம் இல்லை, வகுப்பறையில் சரசுவதி படமும் இல்லை. அதே பள்ளியில் பயின்ற மகன் விளக்கம் சொன்னார். பிரெஞ்சு அரசுப் பள்ளிகள் எச்சமயத்தையும் சாராதவை. 1882 ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கப் பள்ளியிலிருந்து சமயப் பாடத்தை நீக்கியது. ஆனால் அச்சட்டமே, ஞாயிற்றுக்கிழமை அல்லாமல் வாரத்தில் மேலும் ஒரு நாள் பள்ளிக்கு விடுமுறை என வகுத்தது. பெற்றோர் விரும்பினால் அந்நாளில் பள்ளிக்கு வெளியே தம் சமயத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

பாட்டி சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படின்னா சாமியைச் சொல்லிக் கொடுக்கிற வேலை நம்மளுதுன்னு சொல்லு” என்றார். அந்த வாரம் முதல் வெள்ளிக்கிழமை மாலை பேத்திக்கும் பாட்டிக்கும் உரியதாயிற்று. விளக்கேற்றுவது, ஒரு பதிகம், ஒரு கதை. தமிழும் அப்படித்தான் வளர்ந்தது.

அடுத்த கலக்கம் அவளுடைய பதினொன்றாம் வயதில் வந்தது. ஆறாம் வகுப்பை முடித்தவள், “இனிமே அஞ்சாம் வகுப்பு ஆயா” என்று மகிழ்ச்சியுடன் ஓடிவந்தாள். பிள்ளையைக் கீழ்வகுப்புக்கு இறக்கிவிட்டார்கள் என்று பாட்டி பதறினார். பிரெஞ்சு முறையில் எண்கள் ஆறிலிருந்து ஒன்றுவரை இறங்கி வரும். அதன் பின்னர் ‘தெர்மினால்’ என்னும் இறுதி வகுப்பு. மதிப்பெண்ணோ இருபதுக்குத்தான். ‘14’ என்ற எண்ணைக் கண்டு கலங்கிய பாட்டிக்கு, அது அங்கே நல்ல மதிப்பெண் என்பதை ஏற்கச் சில மாதங்கள் பிடித்தன.

பள்ளி வாழ்க்கையின் வேறொரு பக்கம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர்கள் வாக்களித்து இரண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பர். பருவந்தோறும் ஆசிரியர்கள் கூடி ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் ஆராயும் அவையில் அவ்விருவருக்கும் இடமுண்டு. நான்காம் வகுப்பில் பேத்தி தேர்ந்தெடுக்கப்பட்டாள். ஒரு மாணவனின் மதிப்பெண்கள் சரிந்தபோது, அவன் தாய் நோயுற்றிருப்பதை அவையில் எடுத்துச் சொன்னவள் அவளே. “அடுத்த பிள்ளைக்காக வாய் திறக்கக் கத்துக் கொடுக்கிறாங்களே, அதுவும் புண்ணியந்தான்” என்றார் பாட்டி.

பிரிவும் அப்பள்ளியில் ஒரு பாடம். சொல்தா வீட்டுப் பிள்ளைகள், ஆரோவில்லிலிருந்து வருவோர், பெற்றோரின் பணி நிமித்தம் பிரான்சிலிருந்து வந்தோர் எனப் பலரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். கல்வியாண்டு முடியும்போது அவர்களுள் சிலர் வேற்று நாட்டுக்குப் பெயர்ந்துவிடுவர். உற்ற தோழி அவ்வாறு சென்ற ஆண்டில் பேத்தி இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

மூன்றாம் வகுப்பில் வீட்டுக்குள்ளேயே ஒரு பிரிவு தொடங்கிற்று. “ஏன், எதற்கு என்று கேட்கத்தான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள், இங்கே கேட்காமல் நம்பச் சொல்கிறீர்கள்” என்று பேத்தி ஒருநாள் கடிந்து பேசினாள். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் அவள் வரவில்லை. மகன் மகளைக் கண்டிக்க முனைந்தார். பாட்டி தடுத்துவிட்டார். வழக்கம்போல் விளக்கேற்றித் தனியே அமர்ந்து பதிகத்தை வாய்விட்டுப் பாடினார். கதவை மட்டும் சாத்தவில்லை. எண்கள் இறங்கிக்கொண்டிருப்பதை அவர் அறிவார். ‘ஒன்று’ முடிந்து இறுதி வகுப்பும் முடிந்தால், பிள்ளை பிரான்சுக்குச் சென்றுவிடும். மூன்று ஆண்டுகள் அந்தக் கதவு திறந்தே இருந்தது.

இறுதி வகுப்பில் தத்துவம் கட்டாயப் பாடம். ‘பாக்’ என்னும் இறுதித் தேர்வில் அதற்கு நான்கு மணி நேரம். ஒரு வினாவை எடுத்துக்கொண்டு ஒரு பக்கத்தை நிறுவி, எதிர்ப்பக்கத்தையும் முழுமையாக எடுத்துரைத்து, அதன் பிறகே முடிவு கூற வேண்டும். கடமை மனிதனின் சுதந்திரத்தைக் குறைக்கிறதா என்பது வகுப்பில் அளிக்கப்பட்ட வினா. எழுத ஒன்றும் தோன்றாமல், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் திறந்திருந்த கதவருகே வந்து நின்றாள். கட்டுரை முறையைச் சொல்லி, “எதிராளி பேச்சையும் நானே எழுதணும் ஆயா” என்று அலுத்துக்கொண்டாள்.

பாட்டி சிரித்தார். “நம்ம சித்தியாரிலேயும் அதுதானே இருக்கு? பரபக்கம் முதல்ல, சுபக்கம் அப்புறம்” என்றார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயத்தாரின் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே தம் கொள்கையை நிறுவினார் என்பதைக் கோயில் சொற்பொழிவுகளில் கேட்டவர் அவர். பேத்தி வியந்து அமர்ந்தாள். கேள்வி கேட்பது வீட்டுக்கு அயலானது என்று அவள் எண்ணியிருந்தாள்.

“தினமும் விளக்கேத்தறது உங்களுக்குப் பாரமா இல்லையா?” என்று கேட்டாள்.

“கடமைதான் கண்ணு. ஆனா ஏத்துன்னு என்னை யாரும் கட்டாயப்படுத்தலையே. நானா எடுத்துக்கிட்டது எப்படிப் பாரமாகும்? அதனாலதான் நீ வராதப்பவும் உன்னைக் கூப்பிடலை.”

அவ்விடையையே அவள் கட்டுரையில் எடுத்துக்காட்டாக எழுதினாள். ‘15’ கிடைத்தது. இம்முறை பாட்டி கலங்கவில்லை.

தேர்வு முடிந்தது; செப்டம்பரில் அவள் பிரான்சில் கல்லூரி சேர்ந்தாள். பெட்டியில் சிறிய விளக்கு ஒன்றை வைத்தவள் அவளே. வீட்டில் எவரும் சொல்லவில்லை. அங்கே அதை ஏற்றுகிறாளா என்று பாட்டி கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும். அங்கே அப்போது நண்பகல் கடந்த நேரம். பாட்டி பதிகம் பாடுவார். மறுமுனையில் பேத்தி கேட்டிருப்பாள்.

விநாயகரைத் தரிசித்துவிட்டுப் பள்ளி வாயில் வழியே வீடு திரும்பும் வழக்கத்தை மூதாட்டி இன்றும் விடவில்லை. ஒருநாள், பேரனை முதன்முதலாகப் பள்ளியில் விட வந்த வேறொரு பாட்டி, “இங்கே சாமி படம் ஒண்ணுகூட இல்லையே அம்மா” என்று அவரிடம் வருந்தினார்.

“அது நம்ம வேலைம்மா. வெள்ளிக்கிழமையிலேருந்து ஆரம்பியுங்க” என்றார் அவர்.