கூண்டுவண்டிக்கு ஒளி வந்த கதை

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது பழமொழி. தேர்வுக்காகப் படிக்கும் பாடங்களைப் பற்றி நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் சென்ற அரையாண்டு விடுமுறையில் அந்தச் சுரைக்காயை நாங்களே நறுக்கிக் கறி சமைத்துவிட்டோம்! அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் என்றால் அக்காள், தங்கை இருவர். ஒருத்தி பத்தாம் வகுப்பு. மற்றவள் எட்டாம் வகுப்பு. எழுதும் கை மூத்தவளுடையது. திருத்தும் வாய் இளையவளுடையது.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுபோவார்கள். கொண்டுபோன அன்றே எடைபோட்டு முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். முறை வரும்வரை களத்தில் குவித்துக் காவல் காக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பகலெல்லாம் காயவைத்த நெல்லின்மீது இரவில் பனி இறங்கினால் பட்ட பாடு வீண். ஆகவே நெல்லுக்குத் தார்ப்பாய். காவலிருக்கும் தாத்தாவுக்கு வெறும் துண்டு! போன ஆண்டு நான்கு இரவு அப்படிப் படுத்ததில் தாத்தாவுக்கு மார்ச்சளி கண்டு இரண்டு மாதம் இருமினார்.

அதனால்தான் அப்பா ஒரு பழைய வண்டியை விலைக்கு வாங்கி வந்தார். டிராக்டரின் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர்தான் அது. ஆனால் அதன்மேல் இரும்புச் சட்டம் அடித்து, தகரம் வேய்ந்து, உள்ளே இரண்டு பலகைக் கட்டில்களும் ஒரு சன்னலும் வைத்து, ஓர் அறையாகவே ஆக்கியிருந்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்ததல்லவா? அப்போது பட்டுக்கோட்டைப் பக்கத்தில் வீட்டுக்கூரையை இழந்த ஒரு வெல்டர், தம் குடும்பம் படுத்துறங்கத் தம் கையாலேயே செய்துகொண்டதாம். வீடு கட்டி முடித்த பிறகு வெகுநாள் சும்மா கிடந்து, கடைசியில் எங்களிடம் வந்தது. பார்த்தவுடன் அப்பாயி, “அடடே, கூண்டுவண்டி!” என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தாத்தாவுக்கு ஒரே பெருமை. “நம்ம பக்கத்துக்கு இதொன்னும் புதுசில்லை. மன்னார்குடியிலே நூலகமே மாட்டுவண்டியிலே போயிருக்கு” என்றார். அது உண்மைதான். ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்த அந்த நடமாடும் நூலகத்தை, 1931 அக்டோபர் 21 அன்று மேலவாசலில் எஸ். ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்தார். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்த வண்டி அது. எங்கள் வண்டியோ நெல்லுக்குக் காவல் போகும் வண்டி!

ஆனால் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போய் நின்று, “சிவப்பு விளக்கு எரியுமா?” என்று கேட்டார். அப்பா சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. “இது எரியாமல் இந்த வண்டி நம்ம வாசலைத் தாண்டக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சித்தப்பா இரவில் மோட்டார் சைக்கிளில் வரும்போது, சாலையோரத்தில் விளக்கில்லாமல் நின்ற ஒரு டிரெய்லரின்மேல் மோதிவிட்டார். கருமையான சாலை, கருமையான இரும்பு. கிட்ட வரும்வரை கண்ணுக்கே தெரியவில்லையாம். வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். அதற்குமுன் அவர் டிராக்டர் ஓட்டுபவர். இப்போது வீட்டில்தான் இருக்கிறார்.

எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்ததும் நாங்கள் பயந்துவிட்டோம். கோழி கிளறிப் போட்ட வைக்கோல் போல ஒயர்கள்! எல்லாம் சிவப்பு நிறம். சில இடத்தில் டேப்புக்குப் பதில் பாலிதீன் பையைச் சுற்றியிருந்தது. அதைவிடக் கொடுமை, வீட்டு மின்சாரத்தை இழுக்கும் 230 வோல்ட் ஒயரும், 12 வோல்ட் பேட்டரி ஒயரும் ஒரே குழாய்க்குள் ஓடின. அவர் 230 வோல்ட் ஒயரை முழுவதும் உருவி வெளியே எறிந்தார். “இதைத் தொட்டிருந்தா ஆளே போயிருக்கும். மிச்சத்தைச் செய்ய எனக்குப் பொங்கலுக்கு அப்புறந்தான் நேரம்” என்று கூறிச் சென்றுவிட்டார். பொங்கலுக்கு அப்புறமோ அறுவடை வந்துவிடும்.

அப்போது சித்தப்பா, “பேட்டரி ஒயர்தானே? நான் உட்கார்ந்து சொல்றேன், பிள்ளைங்க செய்யட்டும்” என்றார். அப்பா தயங்கினார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

முதல் பாடம்: வேலை தொடங்குமுன் பேட்டரியின் ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும். இரண்டாம் பாடம்: எதையும் வெட்டுமுன் எது எங்கே போகிறது என்று எழுத வேண்டும். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பல நிறத் துணிக்கரைகளை எடுத்து ஒவ்வோர் ஒயரிலும் ஒன்று கட்டினோம். ஒரு சிறு பல்பில் இரண்டு ஒயர் சேர்த்துச் சித்தப்பா ‘டெஸ்ட் லேம்ப்’ செய்து தந்தார். அதை வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்து நோட்டில் படம் வரைந்தோம். மொத்தம் பதினான்கு ஒயர். அவற்றுள் ஐந்து எங்குமே போகவில்லை! பியூஸ் இருக்கும் இடத்தில் தடித்த செம்புக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். அது காவலாளியைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போல. ஒயர் சூடேறித் தீப்பிடித்தாலும் அது உருகியிருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிரேக் விளக்கு 21 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர், இரண்டுக்கும் 3.5. பின்சிவப்பு விளக்கு 5 வாட் வீதம் இரண்டு. எல்லாம் கூட்டி 10 ஆம்பியர் பியூஸ் போதும் என்றோம். சித்தப்பா தலையசைத்தார். பாடப்புத்தகத்துக் கணக்குக்கு அன்றுதான் உயிர் வந்தது.

புது ஒயர் இழுத்தோம். தகர ஓட்டை உராய்ந்து ஒயரை அறுக்காமலிருக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் செருகினோம். வயல் எலிகள் கடிக்காமலிருக்கக் குழாய்க்குள் விட்டோம். மூன்றாம் நாள் மாலை சுவிட்சைப் போட்டதும் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. நாங்கள் கைதட்டிக் குதித்தோம். சித்தப்பா, “பிரேக் சுவிட்சை அழுத்து” என்றார். அழுத்தினோம். இடப்பக்கம் பளிச்சென்று கூடியது. வலப்பக்கமோ அடியோடு அணைந்துபோயிற்று!

வண்டி நிற்கப்போகும் நேரத்தில் அணைகிற விளக்கு! இதைவிட ஆபத்து வேறென்ன? பல்பை மாற்றினோம். சுவிட்சை மாற்றினோம். ஒயரையே மாற்றினோம். இரண்டு நாள் இப்படியே போயிற்று. “நீ தப்பாகக் கட்டினாய்”, “நீதான் தப்பாக வரைந்தாய்” என்று சண்டை போட்டு ஒருவரோடொருவர் பேசாமலும் இருந்தோம். சித்தப்பாவோ ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஓம், மின்னோட்டத்தின் விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார் என்று படித்திருக்கிறோம். அன்றிரவு அந்தப் பாடத்தையே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டோம். மின்சுற்று மூடியிருந்தால்தான் மின்னோட்டம் பாயும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. மூடிய சுற்று! போகிற வழியை மூன்று தடவை மாற்றினோமே, திரும்புகிற வழி எங்கே? வண்டிகளில் அதற்குத் தனி ஒயர் கிடையாது. இரும்புச் சட்டமே திரும்பும் வழி. ‘பாடி எர்த்’ என்பார்கள்.

விடிந்ததும் விடியாததுமாக ஓடினோம். இளையவள் ஓர் ஒயரை எடுத்து வலப்பக்க விளக்கின் அடிப்பாகத்திலிருந்து நேராகப் பேட்டரியின் எதிர்முனைக்குப் பிடித்தாள். மூத்தவள் பிரேக்கை அழுத்தினாள். பளிச்! கழற்றிப் பார்த்தால் விளக்குக்கு அடியில் பெயிண்ட்டும், அதற்கும் அடியில் துருவும். மின்சாரம் இரும்பைத் தொடவே இல்லை.

சித்தப்பா எழுந்து வந்தார். “வாய்க்காலை வெட்டினீங்க, வடிகாலைப் பார்க்கலையே ஆத்தா! இந்த விளக்குக்குச் சொந்த வடிகால் இல்லை. அதனாலே பிரேக் ஒயர் வழியாப் போய், அந்தப் பக்கத்து விளக்கிலே வடிஞ்சுக்கிட்டிருந்துச்சு. நீங்க பிரேக் அழுத்தினதும் அந்த வாய்க்காலிலேயும் தண்ணி வந்துடுச்சு. அப்புறம் எங்கே வடியும்? அப்படியே நின்னு போச்சு” என்றார். காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதைவிட எப்படி விளக்க முடியும்! வாய்க்கால் மட்டும் இருந்து வடிகால் அடைத்தால் பயிர் அழுகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

“முன்னமே தெரியுமா சித்தப்பா?” என்று கேட்டோம். “முதல் நாளே தெரியும். நான் சொல்லியிருந்தா இந்த விளக்கு எரியும், உங்களுக்கு எரிஞ்சிருக்காது” என்றார்.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, இரும்பு பளபளத்ததும் தனி எர்த் ஒயர் வைத்துத் திருகி, மேலே கிரீஸ் தடவினோம். துருவிலே ஒரே ஓர் ஓம் தடை இருந்தாலும் பிரேக் விளக்குக்குப் போய்ச் சேர வேண்டிய 12 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியிலேயே செலவாகிவிடும். அதனால் இடப்பக்கத்தையும் விடாமல் தேய்த்தோம்.

அன்றிரவு வண்டியை வாய்க்கால் கரைச் சாலையில் நிறுத்தினோம். தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பார்க்க அப்பா புறப்பட்டார். சித்தப்பா அவரை நிறுத்தி, “நான் போறேண்ணே” என்றார். இருட்டில் அவர் சாய்ந்து சாய்ந்து நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மதகைத் தாண்டினார், உருவம் மறைந்தது. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, “தெரியுது! நல்லாத் தெரியுது!” என்று குரல் வந்தது. “பிரேக்கை அழுத்து!” அழுத்தினோம். “ரெண்டும் தெரியுது!” அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்களும் அழுதோம், இளையவள் தான் அழவில்லை என்கிறாள்.

தை மாதம் கூண்டுவண்டி களத்துக்குப் போயிற்று. மூன்று இரவு தாத்தா பனி படாமல் படுத்துறங்கினார். இருமல் இல்லை. அங்கே நின்ற டிரெய்லர்களை நாங்கள் எண்ணிப் பார்த்தோம். பதினொன்றில் நான்குக்குத்தான் பின்விளக்கு எரிந்தது. பகலில் சித்தப்பா எங்களையும் அழைத்துக்கொண்டு போய் மேலும் இரண்டு வண்டிகளுக்கு எர்த் தேய்த்து விளக்கு எரியவைத்தார். இப்போது, “உங்க வண்டியையும் பார்க்கட்டுமா?” என்று அவரே போய்க் கேட்கிறார். நாங்கள் செய்த வேலையில் மிகப் பெரியது இதுதான் என்று அப்பாயி சொல்கிறார்.

அன்புத் தோழிகளே! நம்மில் பலர் வயல் உள்ள வீட்டுப் பெண்கள். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் உங்கள் டிராக்டர் டிரெய்லரின் பின்னால் ஒரு முறை போய் நின்று பாருங்கள். அப்பாவையோ அண்ணனையோ பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு விளக்கும் எரிகின்றனவா? ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எத்தனையோ பேர் இரவிலும் இந்தச் சாலைகளில் போகிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் எல்லா நாளும் போகிறார்கள். அவர்கள் போகும் வழி மட்டுமல்ல, திரும்பி வரும் வழியும் நன்றாக இருக்க வேண்டுமல்லவா?

– பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும், அவள் தங்கையும்